வெலிங்டன் மலையும் ஓமலூர் மாணவனும்

(ஓமலூரில் தமிழன்பர் கூடிய அவையில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



ஓமலூர் என்றவுடன் இக்காலத்தார் நினைவில் எழுவன சரபங்கா ஆறும், பெங்களூர் நெடுஞ்சாலையும், மேட்டூருக்குக் கிளை பிரியும் தொடர்வண்டி நிலையமுமே. இவ்வூர்க்குக் கோட்டையூர் என்னும் பழம்பெருமையும் உண்டு. தாரமங்கலத்துக் கெட்டி முதலிகள் காலத்தில் அவர்தம் வலிய இடங்களுள் ஒன்றாக விளங்கிய ஓமலூர், பின்னர் மைசூரார் கைக்கு மாறிற்று. 1792ஆம் ஆண்டில் திப்பு தன் நாட்டிற் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்த சீரங்கப்பட்டின ஒப்பந்தத்தால், சேலமும் பாரமகாலும் ஆகிய இந்நிலப்பகுதி முழுவதும் கிழக்கிந்தியக் கும்பனியார் ஆட்சிக்கு உட்பட்டது. அவ்வாண்டில் நிகழ்ந்த ஒரு செய்தியிலிருந்து இன்றைய பொழிவு தொடங்குவது பொருத்தமாகும்.

புதிதாகக் கிடைத்த நிலத்தை ஆள எவரை அமர்த்துவது என்னும் வினா எழுந்தது. ஆளுநர் தலைவராயிருந்த காரன்வாலிசு, சென்னையிலிருந்த கும்பனியின் குடிப்பணி அலுவலரை ஒதுக்கிவைத்தார். ஏன்? அவருள் இந்நாட்டு மக்களின் மொழியும் வழக்கும் அறிந்தவர் மிக அரியர். மொழியறியா அலுவலன் தன் துபாசியின் வாய்க்கு அடிமை. துபாசி சொன்னதே அவனுக்கு நாடு, துபாசி காட்டியதே அவனுக்குக் கணக்கு. ஆகவே காரன்வாலிசு படைத்துறையிலிருந்து அலெக்சாண்டர் இரீடு என்பாரைத் தெரிந்தெடுத்தார். அவருக்குத் துணைவராக வந்த இளம் படையலுவலருள் ஒருவரே தாமசு மன்றோ. ஏழாண்டுக் காலம் இம்மண்ணில் அலைந்து, வயல் வயலாக அளந்து, உழவனோடு நேர்நின்று பேசி வகுத்த முறைதான் பின்னர்த் தென்னாடு முழுவதும் பரவிய இரயத்துவாரி நிலவரி முறை. அம்மன்றோவே 1820இல் சென்னை ஆளுநராகவும் உயர்ந்தார்.

இதனைக் கும்பனியார்க்குப் புகழ்பாடச் சொல்லவில்லை. வரி தண்டுவதே அவர் நோக்கம். அதற்கு மொழி வேண்டியிருந்தது, எனவே மொழியறிந்தவரைத் தேடினர். கொள்ளையிட வந்தவனுக்கு விளங்கிய இவ்வுண்மை, விடுதலை பெற்ற நாட்டின் படைக்கல்வியாளர்க்கு இன்னும் விளங்கவில்லை என்பதே இன்று எண்ணத்தக்கது.

2021ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 8ஆம் நாளை எவரும் மறந்திரார். முப்படைத் தலைமைத் தலைவர் பிபின் இராவத்து, சூலூரிலிருந்து உலங்கு வானூர்தியில் வந்தபோது, குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் அவ்வூர்தி வீழ்ந்து, அவரும் அவர் துணைவியாரும் உடன்வந்தோரும் உயிர் துறந்தனர். எரிகின்ற ஊர்தியை நோக்கி முதலில் ஓடியவர்கள், தண்ணீரும் போர்வையும் கொண்டுபோய் உதவியவர்கள், அச்சிற்றூரின் எளிய தமிழ்மக்கள். அவர் எங்குச் சென்றுகொண்டிருந்தார்? வெலிங்டனில் உள்ள முப்படைப் பணியலுவலர் கல்லூரியில் உரையாற்றச் சென்றுகொண்டிருந்தார். தமிழ்நாட்டு மலையில் இத்தகைய கல்லூரி ஒன்று இருக்கின்றது என்பதே தமிழருட் பலர்க்கு அந்நாளில்தான் தெரிந்தது.

அக்கல்லூரி புதிதாகப் படையில் சேர்வார்க்கு அணிநடை கற்பிக்கும் இடமன்று. பல்லாண்டு பணியாற்றிய தரைப்படை, கப்பற்படை, வான்படை அலுவலருள் தேர்ந்தெடுக்கப்பட்ட நானூற்றுவர்க்கு மேற்பட்டோர் ஆண்டுதோறும் அங்கு வந்து, ஏறத்தாழ 45 கிழமை தங்கிப் பயில்கின்றனர். பெரும்படையை எவ்வாறு திட்டமிட்டு நகர்த்துவது, உணவும் எரிபொருளும் எவ்வாறு சேர்ப்பது, முப்படையும் எவ்வாறு இணைந்து வினையாற்றுவது என்பவை அங்குப் பாடங்கள். படிப்பு முடிவில் பாதுகாப்புத் துறையில் முதுநிலைப் பட்டமும் உண்டு. அப்பட்டத்தை வழங்குவது தில்லியன்று, சென்னைப் பல்கலைக்கழகம். இச்செய்தியை நினைவிற் கொள்க. இறுதியில் இதற்கு மீள நேரும்.

பன்னாட்டு ஒத்துழைப்பு என்று இக்காலத்தார் பெருமையாகச் சொல்வது அக்கல்லூரிக்குப் பிறப்பிலேயே அமைந்தது. 1905இல் மராட்டிய நாட்டுத் தேவலாலியில் கிச்சனர் பெருமகனாரால் தொடங்கப்பெற்று, 1907இல் குவெட்டாவுக்குப் பெயர்ந்தது அது. 1947இல் நாடு இரண்டானபொழுது கல்லூரியும் இரண்டாயிற்று. குவெட்டாவில் நின்றது பாக்கித்தானுக்கு. பிரிந்து வந்தது நீலமலைக்கு. 1948 ஏப்பிரலில் வெலிங்டனில் முதல் வகுப்புத் தொடங்கிற்று. விடுதலை பெற்ற இந்தியாவின் அக்கல்லூரிக்கு 1955 வரை முதல்வராயிருந்தவர் யார் தெரியுமா? பர்மாக் காடுகளில் சப்பானியரோடு பொருத இலண்டெய்ன் என்னும் வெள்ளைப் படைத்தலைவர். இன்றும் ஆண்டுதோறும் இருபதுக்கு மேற்பட்ட நட்பு நாடுகளின் அலுவலர் அங்கு வந்து பயில்கின்றனர். 1964இல் இந்திய அரசு தொடங்கிய தொழில்நுட்ப, பொருளியல் ஒத்துழைப்புத் திட்டத்தின்கீழ் ஆசிய, ஆப்பிரிக்க நாட்டுப் படையலுவலர்க்கும் இந்நாட்டுப் படைப்பள்ளிகளில் இடம் ஒதுக்கப்படுகின்றது. சென்னைப் பரங்கிமலையில் 1963இல் எழுந்த அலுவலர் பயிற்சிப் பள்ளியிலும் அயல்நாட்டு இளைஞர் பயின்று செல்கின்றனர்.

இவையெல்லாம் நன்றே. அறிவு எல்லை கடந்து செல்வதைத் தமிழன் தடுப்பவனல்லன். ஆயின் அவ்வறிவு எந்த மொழியில் செல்கின்றது?

பிரிந்த இரு கல்லூரிகளையும் பாருங்கள். பழைய கல்லூரியின் குறிக்கோளுரை இலத்தீனில் இருந்தது. குவெட்டாவார் அதனைக் களைந்து, தமக்கு உவந்த பாரசீகத் தொடரொன்றை வைத்துக்கொண்டனர். வெலிங்டனார் என்ன வைத்தனர்? அறிவோடு போருக்கு என்னும் பொருளுடைய வடமொழித் தொடர்! கல்லூரி நிற்பது நீலமலை. மலையைச் சூழ வாழ்வோர் தமிழர், படகர், தோடர், கோத்தர், இருளர். கல்லூரிக்குக் காய்கறியும் பாலும் கொண்டு கொடுப்போர் அவர். வானூர்தி வீழ்ந்தால் ஓடிவருவோரும் அவர். சுவரில் எழுதியிருப்பது மட்டும் அவருள் எவரும் பேசாத மொழி. அக்கல்லூரியின் அடையாளக் குறி ஆந்தை என்பதும் ஒரு வேடிக்கை. கிரேக்கர்க்கும் உரோமர்க்கும் ஆந்தை அறிவின் குறி; தமிழ்நாட்டுப் பாட்டிக்கோ அது கூரைமேல் அமர்ந்து அலறினால் வீட்டுக்கு ஆகாது! குறியும் அயலது, உரையும் அயலது.

அதே வெலிங்டனில், கூப்பிடு தொலைவில், சென்னைப் படைப்பிரிவின் பயிற்சி நடுவம் இருக்கின்றது. 1758இல் வேர்கொண்ட அப்படைப்பிரிவு, இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு. அதன் போர்முழக்கம் ‘வீர மதராசி! அடி கொல்லு, அடி கொல்லு!’ என்பது. அதன் படைஞரைத் தம்பி என்று அழைப்பதும் வழக்கம். பகைவன்மேல் பாய்கின்ற நொடியில், உயிர் போவதா நிற்பதா என்னும் வேளையில், படைஞன் வாயில் வருவது அவன் தாய்மொழிச் சொல். ஆனால் அப்படைப்பிரிவின் குறிக்கோளுரையும் வடமொழியே. சாகிறவனுக்குத் தமிழ், சாவுக்கு விளக்கம் சொல்ல வடமொழி. என்னே இப்பகிர்வு!

மொழியைப் பற்றிப் பேசினால், படைக்கல்விக்கு ஆங்கிலமே வேண்டும், பிறநாட்டாரோடு பழக வேண்டாவா என்று மடக்குவோர் உளர். பிறநாட்டார் உதவியால் படைக்கல்வியைப் புதுக்கிய நாடுகள் என்ன செய்தன என்று அவர் பார்த்ததில்லை.

சப்பான் நாட்டார் 1885இல் பிரசியப் படையிலிருந்து மெக்கெல் என்னும் அலுவலரைத் தம் படைப் பணியலுவலர் கல்லூரிக்கு ஆசிரியராக அழைத்தனர். அவர் அங்கு இருந்தது மூன்றே ஆண்டு. நிலப்படத்தை விரித்துவைத்துப் போராடிப் பார்க்கும் பயிற்சி, மாணவரைக் குதிரைமேல் ஏற்றி ஊர்ப்புறம் அழைத்துச் சென்று இக்குன்றை எப்படிக் காப்பாய், அவ்வாற்றை எப்படிக் கடப்பாய் என வினவும் பயிற்சி ஆகியவற்றை அவர் கற்பித்தார். எம்மொழியில் கற்றனர்? சப்பானிய மொழியில்! அவர் செருமன் மொழியில் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் சப்பானியத்தில் சொன்னார். படைத்துறையின் பெரும் பதவியிலிருந்த கொடாமா கென்தாரோ போன்றாரும் மாணவரோடு மாணவராய் அமர்ந்து கேட்டனர். சப்பானியர் மெக்கெலின் அறிவை வைத்துக்கொண்டனர். அவர் மொழியை அவரோடே கப்பலேற்றிவிட்டனர். 1904, 1905 ஆண்டுகளில் உருசியப் பேரரசை எதிர்த்து வென்ற படையின் தலைவருள் பலர் அவரிடம் பயின்றவர்.

ஆயினும் சப்பானியர் கதையை இவ்வளவோடு நிறுத்துவது நேர்மையாகாது. படைத்திறம் கற்ற அவர்கள் படையறம் கற்றாரல்லர். இரண்டாம் உலகப்போரில் சயாம் மரண இருப்புப்பாதை போடுவதற்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அக்காட்டிலேயே பிணமாயினர். எப்படிக் கற்பிப்பது என்பதைப் போலவே எதைக் கற்பிப்பது என்பதும் பெரிய வினா. இவ்வினா பின்னும் ஒருமுறை வரும்.

தமிழுக்கு அரசேற்பு உள்ள சிங்கப்பூரைக் காண்க. 1965இல் தனிநாடான சிற்றூரொத்த அந்நாட்டுக்குச் சொல்லத்தக்க படை இல்லை. படைப்பயிற்சி தர இசுரேலியர் வந்தனர். சுற்றியிருந்த நாடுகள் சினக்கும் என்று அவரை மெக்சிகோ நாட்டார் என்றே வெளியில் சொல்லிவைத்தனராம்! 1966இல் பயிற்சிக் கழகம் எழுந்தது. ஆசிரியர் இசுரேலியர், மாணவருட் பெரும்பாலோர் சீனர், தமிழரும் மலாயரும் உடனிருந்தனர். அணிநடைக் கட்டளை மட்டும் அந்நாட்டின் தேசிய மொழியாகிய மலாயில். ‘செடியா’ என்றால் நேர்நில். ‘செனாங் டிரி’ என்றால் இளைப்பாறி நில். இன்றும் அப்படியே. பெரும்பான்மைச் சீனர் தம் மொழியைத் திணிக்கவில்லை. வந்த ஆசிரியர் தம் எபிரேயத்தைத் திணிக்கவில்லை. மண்ணின் மொழிக்கு மதிப்புத் தரப்பட்டது. அங்குள்ள தமிழ் இளைஞன் மலாய்க் கட்டளைக்கு முகஞ்சுளிக்காமல் அடியெடுத்து வைக்கின்றான். தமிழும் அங்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் மதிக்கப்படுவதால் அவனுக்குக் குறையில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோர்க்கு ஐரோப்பாவில் ஒரு பாடம் உண்டு. வட அத்திலாந்திய ஒப்பந்த அமைப்பினர், 2007ஆம் ஆண்டை ஒட்டிப் பாதுகாப்புக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். கசக்கசுத்தான், ஆர்மீனியா, சியார்சியா, மால்டோவா, உக்ரேன் முதலிய, பழைய சோவியத்து ஒன்றியத்திலிருந்து பிரிந்த நாடுகளின் படைக்கல்லூரிகட்கு உதவுவது அத்திட்டம். அதில் வியக்கத்தக்கது படைக்கருவி பற்றிய பகுதியன்று. ஆசிரியர்க்கு ஆசிரியம் கற்பிக்கும் பகுதி. அக்கல்லூரிகளில் பழைய வழக்கம் எப்படி? ஆசிரியர் மேடையில் நின்று ஏட்டைப் படிப்பார், மாணவர் எழுதிக்கொள்வர், எழுதியதைத் தேர்வில் ஒப்பிப்பர். வினவுதல் கீழ்ப்படியாமை எனக் கொள்ளப்படும். வந்த அயல்நாட்டு ஆசிரியர் அம்முறையை மாற்ற முயன்றனர். மாணவரைச் சிறுசிறு குழுவாக அமர்த்தி, ஒரு சிக்கலைக் கொடுத்து, அவரையே வாதிடச் செய்து, ஆசிரியர் அருகிருந்து வழிப்படுத்தும் முறையைப் புகுத்தினர். மாதிரிப் பாடத்திட்டங்கள் வகுத்துப் பிற மொழிகளிலும் பெயர்த்தளித்தனர்.

வெலிங்டனிலும் குழுவாக அமர்ந்து வாதிட்டுப் பயிலும் முறைதான் நெடுங்காலமாக நடக்கின்றது. ஆங்கிலேயரிடமிருந்து வந்ததென்பர், வந்திருக்கலாம். ஆனால் பள்ளியில் நன்னூல் படித்த எந்தத் தமிழ் மாணவனுக்கும் இது புதிதன்று. பவணந்தியார் பொதுப்பாயிரத்தில் கணக்கே போட்டுவைத்தார். ஆசிரியன் உரைத்ததைப் பழுதறக் கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்கு அறிவே. உடன்பயில்வாரோடு பழகி ஆய்வதால் இன்னொரு காற்பங்கு. தான் பிறர்க்குத் தெளிவாக எடுத்துரைக்கும்பொழுது எஞ்சிய அரைப்பங்கு. உடன்பயில்வாரோடு ஆய்தல், பிறர்க்கு எடுத்துரைத்தல் என்னும் இவ்விரண்டையுமே தபிலிசியிலும் கீவிலும் புதுமுறை என்று இருபத்தோராம் நூற்றாண்டில் கற்பித்துக்கொண்டிருக்கின்றனர்.

இதைச் சொன்னவுடன் எல்லாம் எங்கள் நூலிலேயே இருக்கிறது என்று தோள் தட்டுவார் சிலர் எழுவர். அவர்க்கு ஒரு சொல். நன்னூல் தமிழ்நாட்டில் எழுந்தது. ஆனால் தமிழ்நாட்டு வகுப்பறைகளுட் பலவற்றில் இன்றும் ஆசிரியர் படிக்க மாணவர் எழுதிக்கொள்கின்றனர். நூலில் இருப்பது வேறு, நடப்பில் இருப்பது வேறு. ஓமலூரில் ஒரு பள்ளியில் நன்னூற் பாயிரத்தை உருவேற்றி ஒப்பிக்கச் சொல்லி, ஒப்பியாதவனைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினால், அவ்வாசிரியர் பவணந்தியாரை அறிந்தவராவாரா?

இனி, படித்த தமிழ் மாணவனுக்கு அவ்வலுவலர் கல்விக்குள் நுழைய வழி எப்படி இருக்கின்றது என்று காண வேண்டும். அங்கேதான் நெஞ்சு பொறுக்காத நிலை.

உடுமலையை அடுத்த அமராவதிநகரில் 1962இல் தொடங்கிய படைப்பள்ளி இருக்கின்றது. இத்தகைய பள்ளிகளில் ஆறாம் வகுப்பிற் சேர நடத்தும் அனைத்திந்திய நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஒன்பதாம் வகுப்பிற் சேரவோ ஆங்கிலத்தில் மட்டுமே எழுதலாம். பத்து அகவைச் சிறுவனுக்குத் திறந்த கதவு பதின்மூன்றில் சாத்தப்படுகின்றது. பள்ளி முடித்தவன் புனேயை அடுத்த கடக்குவாசலாவின் பாதுகாப்புக் கல்விக்கழகத்திற் சேர, நடுவண் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் எழுத்துத் தேர்வை எழுத வேண்டும். 900 மதிப்பெண். அதில் 200 ஆங்கில மொழிக்கே. எஞ்சிய கணக்கு, பொது அறிவு வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். தமிழில் ஒரு வரி இராது. பட்டம் பெற்றவர்க்கான ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்விலும் இதே நிலை. இந்தி பேசும் மாநிலத்து மாணவன் கணக்கைத் தன் தாய்மொழியில் படித்துப் புரிந்துகொண்டு விடையளிக்கின்றான். ஓமலூர் அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் பயின்று கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன், வினா என்ன கேட்கின்றது என்று அறிவதற்கே முதலில் போராட வேண்டும். இருவரும் ஒரே கொடிக்கு உயிர் கொடுக்கப் போகின்றவர்.

தமிழில் தேர்வு நடத்த இயலாது, மொழிகள் பல, நடைமுறை ஒவ்வாது என்பது வழக்கமான மறுமொழி. அம்மறுமொழியை அரசே இப்பொழுது பொய்யாக்கிவிட்டது. தமிழ்நாட்டின் எதிர்ப்புக்குப் பின், நடுவண் ஆயுதக் காவற்படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடத்தப்படுகின்றது. 2025இல் தரைப்படையின் அக்கினிவீரர் பொது நுழைவுத் தேர்வும் தமிழ் உட்பட 13 மொழிகளில் நடந்தது. எனவே தமிழில் வினாத்தாள் அச்சிடத் தாளும் மையும் அரசிடம் இருக்கின்றன. சுமை தூக்கித் துமுக்கி ஏந்திக் களத்தில் நிற்கத் தமிழில் தேர்வு எழுதலாம். நில் என்றும் செல் என்றும் ஆணையிடும் அலுவலனாகத் தமிழில் எழுதலாகாது. இவ்வேறுபாட்டுக்குக் கரணியம் என்ன என்று எந்த அமைச்சரும் இதுவரை விளக்கவில்லை.

தமிழர்க்குத் தலைமை தாங்கும் திறமில்லையோ? இச்சேலம், நாமக்கல் சமவெளியிலேயே திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலக் குடும்பத்தைச் சேர்ந்த பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைக்கே தலைவராயிருந்தார். சென்னை மாநில முதலமைச்சராயிருந்த சுப்பராயனின் மகன் அவர். பின்னர்ச் சுந்தர்சியும் பத்மநாபனும் அப்பதவியில் அமர்ந்தனர். ஆனால் குமாரமங்கலம் பயின்றது இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியிலும் உல்விச்சுப் படைக்கழகத்திலும். பெருநிலக்கிழார் மகனுக்கு அவ்வழி திறந்திருந்தது. அதே குமாரமங்கலத்தில் அதே ஆண்டில் பிறந்த உழவன் மகனுக்கு எவ்வழி இருந்தது? திறமை ஒரு குடும்பத்தில் மட்டும் பிறப்பதன்று. வாய்ப்பு ஒரு மொழியில் மட்டும் வைக்கப்பட்டிருக்கின்றது.

வெலிங்டனைப் பற்றிப் பேசும்பொழுது தமிழர் நெஞ்சில் ஆறாத புண்ணொன்றைத் தொடாமற் போக இயலாது. 2009இல் முள்ளிவாய்க்காலில் நிகழ்ந்தது உலகறிந்தது. ஒன்றிய நாடுகள் அவைப் பொதுச்செயலர் அமர்த்திய அறிஞர் குழு, இறுதிக் கட்டத்தில் மாண்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என 2011இல் அறிக்கை தந்தது. மறு ஆண்டே இலங்கை வான்படையினர் ஒன்பதின்மர் தாம்பரத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தனர். தமிழ்நாடு கொதித்தது. முதலமைச்சர் செயலலிதா எதிர்ப்புத் தெரிவித்தபின் அவர்களைக் கருநாடகத்து எலகங்காவுக்கு மாற்றினர். 2012, 2013 ஆகிய இரண்டாண்டுகளிலும் வெலிங்டனில் இருந்த இலங்கை அலுவலரைத் திருப்பியனுப்ப வேண்டும் என்ற குரல் எழுந்தது. தில்லி, இலங்கை நட்பு நாடு என்றது.

அவ்வெதிர்ப்பு அறமுடையது, அதில் இருவேறு கருத்தில்லை. ஆனால் தாம்பரத்திலிருந்து எலகங்காவுக்கு அனுப்பியதால் எவர் கண்ணீர் நின்றது? கற்பித்த பாடம் அதுவே. இடம் மட்டும் முந்நூறு கல்லுக்கும் குறைவான தொலைவில் மாறிற்று. அந்நாளில் மேடைகளில் எழுப்பப்படாத வேறொரு வினா உண்டு. அவ்வலுவலர் இங்கு வந்து என்ன கற்றனர்? பொதுமக்கள் நடுவே போர் நிகழும்போது படைத்தலைவன் கடமை யாது என்று அவர்க்கு எவரேனும் கற்பித்தனரா? முள்ளிவாய்க்காலையே பாடமாக வைத்து, அங்கு நின்ற அலுவலன் என்ன செய்திருக்க வேண்டும் என்று குழுவாக அமர்த்தி வாதிடச் சொன்னாரா? இன்னொன்று. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் தமிழ்நாட்டில் தங்கிய சிங்கள அலுவலன் தமிழில் ஒரு சொற்றொடரேனும் கற்றுத் திரும்பினானா?

இது சிறு செய்தியன்று. இலங்கை அரசே அமர்த்திய, கற்ற பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, தமிழ் பேசும் மக்கள் தம் குறையைத் தம் மொழியிற் சொல்லக் காவல் நிலையந்தோறும் இருமொழி அறிந்தவர் வேண்டும் என்று 2011இல் எழுதிற்று. கையில் துமுக்கியோடு நிற்பவனுக்கும் அவன்முன் நடுங்கி நிற்கும் தாய்க்கும் இடையே பொதுவாக ஒரு சொல்லும் இல்லையென்றால் அங்கு என்ன நிகழும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ‘சுடாதே, உள்ளே குழந்தை இருக்கிறது’ என்று அவள் சொன்னாலும் அவனுக்கு அது வெற்றொலி. காரன்வாலிசு இரீடைத் தேடியதன் பொருள் இப்பொழுது விளங்குகின்றதன்றோ? வெலிங்டனில் தங்கும் அயல்நாட்டு அலுவலர் அனைவர்க்கும், வடமாநில அலுவலர்க்குந்தாம், அடிப்படைத் தமிழ் கட்டாயப் பாடமாக வேண்டும். 45 கிழமையில் கிழமைக்கு இரண்டு மணி ஒதுக்கினாற் போதும்.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் கேளுங்கள். 2021இல் ஆப்கானித்தான் அரசு வீழ்ந்து தாலிபான்கள் ஆட்சி ஏறியபொழுது, சென்னை உட்பட இந்தியப் படைப்பள்ளிகளிற் பயின்ற ஆப்கானிய இளைஞர் எண்பதின்மர் திரும்பிச் செல்ல நாடின்றித் திகைத்தனர். 2022இல் இந்திய அரசு அவர்க்கு ஓராண்டுப் படிப்பொன்று தந்து தங்கவைத்தது, நல்லது. என்ன படிப்பு? ஆங்கிலம்! போக்கிடமற்ற ஏதிலிக்கும் தில்லி கொடுக்க எண்ணிய முதற்பொருள் ஆங்கிலமே. அவர்கள் தங்கிய மண்ணின் மொழி எவர் நினைவிலும் எழவில்லை.

படைக்கல்விக்குத் தமிழிற் சொல் இருக்கின்றதா என்று கேட்பார்க்கு விடை தருவது எளிது. அளவறிந்து தர வேண்டும். தொல்காப்பியர் புறத்திணையியலில் போர் வினைகளை வகுத்தார். ஆநிரை கவர்தலும் மீட்டலும் வெட்சி, பகைநாட்டின்மேற் படையெடுத்தல் வஞ்சி, கோட்டையை வளைத்தலும் காத்தலும் உழிஞை, களம் குறித்துப் பொருதல் தும்பை, வெற்றி வாகை. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையார் மீட்டலைக் கரந்தை என்றும், எயில் காத்தலை நொச்சி என்றும் தனித்தனியே பிரித்தார். தாக்குதலையும் தற்காப்பையும் இவ்வாறு இணையிணையாக வகைப்படுத்தும் முறை எந்தப் படைக்கல்லூரிப் பாடத்துக்கும் பொருந்தும். முன்னணி, பின்னணி, தூசிப்படை, கூழைப்படை, பாசறை, எயில், அகழி, ஒற்று, வேவு என்று சொற்களும் குவிந்து கிடக்கின்றன.

ஆனால் தூசிப்படை என்னும் சொல்லை வைத்துக்கொண்டு இக்காலத்து ஆளில்லா வானூர்தியைப் பற்றி எழுதிவிட இயலாது. பழஞ்சொல்லை எண்ணி மகிழ்வது ஒரு வேலை. புதுச்சொல்லை ஆக்கிப் பாடநூல் எழுதுவது வேறு வேலை. முதல் வேலையைத் தமிழ்ப்புலவர் நன்றாகவே செய்துவந்தனர்; இரண்டாவதில் கை நனைத்தவர் சிலர். படைத்துறைக்கு ஆங்கிலம் தமிழ்க் கலைச்சொல் அகராதி ஒன்று முழுமையாக வேண்டும். ஓய்வு பெற்ற தமிழ்ப் படையலுவலரும் தமிழாசிரியரும் ஓரிடத்தில் அமர்ந்தாலன்றி அது உருவாகாது. ஒருவர்க்குப் பொருள் தெரியும், மற்றவர்க்குச் சொல் தெரியும். இருவரும் இதுகாறும் சந்திக்கவில்லை. இவ்வோமலூர் வட்டத்திலேயே படைப்பணி முடித்து வந்தோர் எத்துணைப் பேர்! அவர்தம் வாயிலிருந்தே தொடங்கலாம்.

தொகுக்கும் பொறுப்பு எவர்க்கு உரியது? முன்னர் நினைவிற் கொள்ளச் சொன்ன செய்திக்கு இப்பொழுது வருக. வெலிங்டன் அலுவலர்க்குப் பட்டம் வழங்குவது சென்னைப் பல்கலைக்கழகம். தமிழுக்குப் பேரகராதி செய்ததும் அப்பல்கலைக்கழகமே. அறுபதுகளில் சிதம்பரநாதனாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஆங்கிலம் தமிழ்ச் சொற்களஞ்சியம் வெளியிட்டதும் அதுவே. அதற்குள் தமிழ்த்துறை இருக்கின்றது. பாதுகாப்புத் துறையும் இருக்கின்றது. நீலமலையில் ஆண்டுதோறும் நானூற்றுவர்க்குப் பட்டத்தாளில் முத்திரையிடும் அப்பல்கலைக்கழகம், அப்பட்டப் படிப்பில் தமிழுக்கு ஒரு தாள் வேண்டும் என்று இதுவரை கேட்டதுண்டா? அதன் ஆட்சிக்குழுவுக்கு இவ்வவையிலிருந்தே ஒரு வேண்டுகோள் எழுதலாம். நடுவண் தேர்வாணையத்துக்கு மற்றொன்று: அலுவலர் தேர்வின் கணக்கு, பொது அறிவு வினாத்தாள்களைத் தமிழிலும் தருக என்று. இரண்டும் தமிழிலேயே எழுதப்பட வேண்டும். தாளும் எழுதுகோலும் வாயிலருகே மேசைமேல் வைக்கப்பட்டுள்ளன. கையெழுத்திடும் மாணவர் தம் பள்ளியின் பெயரையும் வகுப்பையும் மறவாமல் எழுதுக.